குறையே இல்லாத மாவட்டம்

சுடலைமுத்துவுக்கு மேடையில் கேடயம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியபோது அரங்கம் கை தட்டியது. மூன்றாம் வரிசையில் இருந்த அவன் அக்கா வடிவு தட்டவில்லை. அந்தப் பொன்னாடை இதற்கு முன் எத்தனை தோள்களில் ஏறி இறங்கியிருக்கும், அதில் எத்தனை பேர் தும்மியிருப்பார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பொதிகை மாவட்டம் தனியாகப் பிரிந்த நாலாம் ஆண்டு விழா. மேடைக்குப் பின்னால் தொங்கிய பதாகையில் 'குறையே இல்லாத மாவட்டம்' என்று எழுதி, அதன் கீழே 'எதிர்ப்பொருள் குறைபாடு உடையோர்' என்று போட்டு, அதற்கும் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு பூஜ்யம் வரைந்திருந்தார்கள். பூஜ்யத்துக்கு ரோஜா மாலை சாத்தியிருந்தது. அதைவிடப் பெரிதாக மேடையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மாவட்ட நோயெதிர்ப்பு வாரியத் தலைவர் சங்கரலிங்கத்தின் படம்.

"நான் பொறுப்பேற்றபோது ஒன்பது பேர் இருந்தார்கள்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் சங்கரலிங்கம். "இன்று? ஒருவரும் இல்லை!"

வடிவுக்குப் பின்னால் அரைத் தூக்கத்தில் இருந்த ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "எல்லாரும் செத்துட்டாவளா?"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரும்வே. கொணமாயிட்டாவளாம்."

"அப்படியா!" என்று அவரும் கை தட்டினார்.

கிருமி ஒன்று உள்ளே நுழைந்தால் அதை அடையாளம் கண்டு, ஒட்டிக்கொண்டு, ஒழித்துக்கட்டுகிற எதிர்ப்பொருளை எல்லா உடம்பும் தானாகவே தயாரித்துக்கொள்ளும். சுடலையின் உடம்புக்கு அந்த வித்தை பிறவியிலேயே கிடையாது. தாய் வழியாக வந்து, பெண்களை விட்டுவிட்டு ஆண்பிள்ளைகளைப் பிடித்து, சிறு வயதிலேயே கொண்டுபோய்விடுகிற கோளாறு. அதனால் அவர்களுக்கு ஊரில் 'மாமன் நிக்காத குடும்பம்' என்று பெயர். வடிவுக்குக் காது குத்தியபோது உட்காரவைக்கத் தாய்மாமன் மடி இல்லாமல் முக்காலி போட்டார்கள். அவள் அம்மாவுக்கும் முக்காலிதான். மூன்று தலைமுறையில் முதல்முறையாக வடிவின் மகளுக்குத்தான் ஒரு மடி கிடைத்தது. சுடலையின் மடி. மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளை மூன்று வாரத்துக்கு ஒரு பாட்டில் என்று ஏற்றி ஏற்றித்தான் அவன் முப்பத்து நாலு வயது வரைக்கும் வந்திருந்தான்.

அந்தப் பாட்டில் எல்லோருக்கும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்றுதான் அரசாங்கம் 'அனைவருக்கும் எதிர்ப்பாற்றல் சமநிலைப் பேரியக்கம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும் என்பதால் மக்கள் அதைப் 'பட்டை' என்றார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. தோல் வழியாகவே அது எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்கும். போதுமான அளவு இருந்தால் பச்சை எரியும், குறைந்தால் மஞ்சள், இரண்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு. எண் மட்டும் வீட்டுத் தலைவரின் கைபேசிக்கு வரும். பச்சைக்காரர்கள் பிளாஸ்மா கொடுக்க வேண்டும். அதிலிருந்து தயாராகும் பாட்டில், மருத்துவர் யாருக்கு எழுதிக்கொடுக்கிறாரோ அவருக்குப் போகும். நல்ல திட்டம். அதை நடத்துவதற்கு ஒரு வாரியமும், வாரியத்துக்கு ஒரு தலைவரும் வரும் வரைக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

மருத்துவர் எழுதுவதை ஏன் நம்ப வேண்டும், பட்டைதான் இருக்கிறதே என்று சங்கரலிங்கத்துக்கு ஒரு நாள் தோன்றியது. பன்னிரண்டு மாதம் விடாமல் பச்சை எரிந்தால் அவர் குணமானவர். ஒரே சுற்றறிக்கை. ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குணமானார்கள். கடைசி ஆள் சுடலை.

அடுத்த வியாழக்கிழமை சுடலைக்கு வர வேண்டிய பாட்டில் வரவில்லை.

"உக்காருங்கம்மா. தம்பி எப்படி இருக்கார்? கேடயத்த நடு ஹாலில மாட்டியாச்சா?" என்றார் சங்கரலிங்கம், வாரிய அலுவலகத்தில்.

"பாட்டில் வரல சார்."

"எப்படிம்மா வரும்? குணமானவருக்கு எதுக்கு மருந்து?"

"அது அவன் சொந்தச் சரக்கில்ல சார். நீங்க ஏத்துனது. ஏத்துனதத்தான் ஒங்க பட்டை காட்டுது."

"பட்டை அளவை மட்டும்தாம்மா பாக்கும். எங்கேருந்து வந்துதுன்னு பாக்காது. அதுதான் அதோட நேர்மை."

வடிவு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் பஸ் டிப்போவில, சார்ஜ் போடுத செக்‌ஷன்ல, இருவத்திரண்டு வருசமா இருக்கேன் சார். ராத்திரி சார்ஜ் போட்ட பஸ்ஸு காலைல நூறு காட்டும். நூறு காட்டுதேன்னு வயரப் புடுங்கிப் போட்டுட்டு, இனி இந்த பஸ்ஸு தானாவே ஓடும்னு எவனாவது சொல்லுவானா?"

சங்கரலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "அருமையான உவமைம்மா," என்று கைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஒரு வாழ்த்துரை இருக்கு. பயன்படுத்திக்கிறேன்."

"பாட்டில் சார்..."

"மேல்முறையீடு இருக்குல்ல. நாங்க என்ன அரக்கர்களா? வாரியம் கூடுற அன்னிக்கு, வாரியத்துக்கு முன்னால, பட்டை சிவப்பு காட்டணும். காட்டுனா அவர் நோயாளி. மறு நிமிஷம் பாட்டில்."

"செவப்பு காட்டணும்னா மருந்தில்லாம கெடக்கணும்."

"ஆமா."

"கெடந்தா கிருமி புடிச்சிரும்."

"அதுக்குத்தானம்மா மருந்து தர்றோம்."

"எப்ப?"

"சிவப்பு காட்டுனப்புறம்."

வாய்ப்பாடு வராத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு சொன்னார். கதவருகே நின்ற அலுவலக உதவியாளர் வடிவைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார்.

சுடலையை இருபது வருடமாகப் பார்த்துவரும் டாக்டர் ரஹ்மத் பீவிக்கு இது புதிதில்லை. வாரியத்துக்கு ஆறு கடிதம் எழுதியிருந்தார். ஆறுக்கும் 'தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி' என்று பதில் வந்திருந்தது. குணமான ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு அதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. செத்தவருக்குக் குறைபாடு இல்லை என்பதால் பூஜ்யம் அப்படியே இருந்தது.

"இப்ப சுடலைக்கு அளவு எட்டு," என்றார் ரஹ்மத். "மூணரை வாரத்துல, கொஞ்சம் முன்னப்பின்ன, பாதியாகும். எட்டு நாலாகும், நாலு ரெண்டாகும். ஏறக்குறைய அம்பது நாள் வடிவக்கா. வாரியம் கூடுறது நாப்பதாவது நாள். அத விட்டா ரெண்டு மாசம் கழிச்சுத்தான்."

"நாப்பதுக்குள்ள செவப்புக்கு வரணும்," என்றாள் வடிவு. டிப்போவில் சார்ஜ் ஏறுவது இறங்குவதைக் கணக்குப் பார்க்கிறவள். மனதுக்குள் கணக்கு ஓடியது. கணக்கு இடித்தது.

கட்டிலில் இருந்த சுடலை சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து நீட்டினான். "காலைல இது வந்துச்சு டாக்டரம்மா. பச்சைக்காரங்கல்லாம் பிளாஸ்மா குடுக்க வரணுமாம். குணமாயிட்டேம்லா, எனக்கும் வந்திருக்கு." ரஹ்மத்தின் முகத்தைப் பார்த்தான். "குடுத்தா கொறையும்லா?"

ரஹ்மத் மருந்துச்சீட்டின் ஓரத்தில் ஐம்பது என்று எழுதி, அதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார். அதுதான் பதில் என்று வடிவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது.

"லேய், பைத்தியமால ஒனக்கு? இல்லாதவன்ட்ட இருந்து எடுக்கச் சொல்லுத?"

"இல்லாதவன்னு நீதான் சொல்லுத எக்கா. சர்க்கார் அப்படிச் சொல்லலியே."

வாரம் ஒருமுறை போனான். கொடை மையத்தின் வாசலில் ஒரு திரை 'நலமாக இருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'ஆம்' என்பதைத் தொட்டால்தான் கதவு திறக்கும். 'இல்லை' என்பதைத் தொட்டால் என்ன ஆகும் என்று சுடலை ஒரு தடவை கேட்டான். அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்று அங்கிருந்த பெண் சொன்னாள். மூன்றாவது வாரம் அவன் சட்டையில் 'கொடைச் செம்மல்' என்று ஒரு வில்லை குத்திவிட்டார்கள். நான்காவது வாரம் மாத இதழுக்குப் படம் எடுத்தார்கள்.

"ஒஞ் சரக்கு இப்ப யாருக்குப்பா போகும்?" என்று வண்டியில் திரும்பும்போது வடிவு கேட்டாள்.

"அடுத்த மாவட்டத்துல எவனாவது என்ன மாரி இருப்பாம்லா, அவனுக்கு. ஓசில வாங்கி தர்மம் பண்ணுதேன் பாத்தியா? நம்ம வம்சத்துலயே பெரிய வள்ளல் நாந்தான்."

வடிவு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சுடலைக்கு வேலை வீட்டிலிருந்துதான். நகரப் பேருந்துகளில் அடுத்த நிறுத்தம் எது என்று சொல்லும் குரல் அவனுடையது. கூட்டத்தில் போகக் கூடாத மனிதனின் குரல் நாளெல்லாம் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். முப்பதாம் நாள், புதிதாகத் திறந்த ஒரு நிறுத்தத்தின் பெயரைப் பதிவுசெய்ய உட்கார்ந்தவனுக்கு இருமல் வந்தது. ஏழு தடவை முயன்றான். எட்டாவது தடவை ஒலிவாங்கியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

முப்பத்து நாலாம் நாள் காய்ச்சல் நூற்று மூன்று. மூச்சு வாங்கியது. பட்டை மஞ்சளில் நின்றது. வடிவின் கைபேசியில் எண்: இரண்டு புள்ளி மூன்று.

ரஹ்மத் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு வடிவைக் கூடத்துக்கு அழைத்துவந்தார். கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"போன வருஷம் ஒரு நோயாளி வீட்ல மிஞ்சுனது. அவங்களுக்கு இனி வேண்டாம். எங்கிட்ட இது ஒன்னுதான் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "நிமோனியா. மத்த மருந்து குடுத்துட்டேன். ஆனா இது இல்லாம வாரியம் கூடுற வரைக்கும் தாங்க மாட்டான் வடிவக்கா. இத ஏத்துனா தாங்குவான்."

"ஏத்துனா?"

"பச்சை எரியும்."

"ஆறு நாளுதான டாக்டரம்மா இருக்கு."

"ஆறு நாள் இருக்கு. அவன் இருக்கணும்ல."

உள்ளேயிருந்து சுடலை கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "வேண்டாம் எக்கா," என்றான், வார்த்தைக்கு வார்த்தை மூச்செடுத்து. "பட்ட பாடெல்லாம்... வீணாப் போயிரும். நான்... தாங்கிக்கிடுவேன்."

வடிவு வெளியே போனாள். தெருக்குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினாள். எதிர்வீட்டுக்காரி, "தம்பிக்கு எப்படி இருக்கு? கொணமாயிட்டாவளாமே, பேப்பர்ல பாத்தேன்," என்றாள். "ஆமா," என்று சொல்லிவிட்டு வடிவு உள்ளே வந்தாள். கைபேசியை உயர்த்திக் காட்டினாள், எண் தெரியாத தூரத்தில் நின்றுகொண்டு.

"எறங்கிருச்சுல! ஒன்னு புள்ளி ஒம்பது. ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன். இது அவங்க அனுப்புன பாட்டிலுதான். வாரியத்துல வந்து கையெழுத்துப் போட்டாப் போதுமாம்."

சுடலை அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். ரஹ்மத் ஊசியைக் குத்தும்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நாற்பதாம் நாள் வாரியம் கூடியது. சக்கர நாற்காலியில் சுடலையைத் தள்ளிக்கொண்டு போனாள் வடிவு. காய்ச்சல் விட்டிருந்தது, முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் தெரிந்தது. பட்டையில் பச்சை பளிச்சென்று எரிந்தது. அவன் அதைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"அளவு ஆறு," என்று திரையைப் பார்த்துப் படித்தார் சங்கரலிங்கம். "பச்சை. ஆக, நலம்."

வடிவு ரஹ்மத் எழுதிக்கொடுத்த கடிதத்தை மேசையில் வைத்தாள். தம்பியின் பக்கம் திரும்பாமல் பேசினாள். "சார், ஆறு நாளுக்கு முன்ன இவன் பொழைக்கமாட்டான்னு ஆயிப் போச்சு. டாக்டரம்மா ஒரு பாட்டில் ஏத்துனாங்க. அதான் பச்சை எரியுது. அதுக்கு முன்ன ரெண்டு புள்ளி மூணு. ஒங்க பதிவிலயே இருக்கும், பாருங்க."

சங்கரலிங்கம் பார்த்தார். பதிவு அப்படியேதான் சொன்னது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், திரும்பத் துடைத்தார். அடுத்த மாதம் தலைநகரிலிருந்து ஒரு குழு அந்தப் பூஜ்யத்தைப் பார்வையிட வருகிறது. பூஜ்யம் ஒன்றாகிவிட்டால் மாலையை என்ன செய்வது?

"இங்க பாருங்கம்மா. ரெண்டு புள்ளி மூணுங்கிறது சிவப்பு கிடையாது. சட்டப்படி நான் தள்ளுபடி பண்ணணும். ஆனா, மனிதாபிமான அடிப்படையில" (இதைச் சொல்லும்போது பதிவாகிறதா என்று ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டார்) "நாப்பத்தஞ்சு நாள் ஒத்திவைக்கிறேன். அதுக்குள்ள எந்த மருந்தும் ஏத்தக்கூடாது. இறங்கி சிவப்பு காட்டுனா நிச்சயமா ஒதுக்கீடு. என் வாக்கு."

"சரி சார்," என்றாள் வடிவு உடனே. "ஒத்திவைங்க சார். போதும் சார்."

"ஐயா," என்றான் சுடலை.

பேருந்து நிறுத்தங்களைச் சொல்லும் அதே தெளிவான குரல். அறையில் இருந்த தட்டச்சர்கூட நிமிர்ந்து பார்த்தார். சுடலை நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றான். பட்டை தெரியும்படி இரண்டு கையையும் கூப்பினான்.

"ஒத்திவைக்க வேண்டாம் ஐயா. நான் நல்லாத்தான் இருக்கேன். மனுவ முடிச்சிருங்க. நீங்க பண்ணுன எல்லாத்துக்கும் ரொம்ப நன்றி."

"ஏல!" என்று வடிவு அலறினாள். "சார், அவன் தெரியாமச் சொல்லுதான் சார். எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நாந்தான் அவங்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். அத நம்பிச் சொல்லுதான்!"

"அம்மா, மனுதாரர் அவர்தான். அவர் வாயால சொன்னதுதான் பதிவு." சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். இருபத்தெட்டு வருட அரசுப் பணியில், மனு கொண்டுவந்த ஒருவர் எழுந்து நின்று அவருக்கு நன்றி சொல்வது இதுதான் முதல் தடவை. மேசையைச் சுற்றிவந்து சுடலையின் கையைப் பிடித்துக்கொண்டார். உதவியாளர் படம் எடுத்தார். திரையில் எழுத்து ஓடியது: மனு நன்றியுடன் முடித்துவைக்கப்பட்டது. மறு மனுவுக்குத் தகுதி: ஓராண்டுக்குப் பின்.

வெளியே வெயில் கொளுத்தியது. நாற்காலியைத் தள்ளாமல் வடிவு அதன் முன்னால் வந்து நின்றாள்.

"நாப்பத்தஞ்சு நாளு கெடச்சிருக்கும்ல பாவி. ஏம்ல அப்படிச் சொன்ன? உள்ள கேட்டேல்லா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு. அது வாரியத்துப் பாட்டிலு இல்ல. டாக்டரம்மாட்ட இருந்த கடைசிப் பாட்டிலு. இனி ஒன்னும் கெடையாதுல!"

"தெரியும் எக்கா."

"என்ன தெரியும்?"

"ஒன்னு புள்ளி ஒம்பதுன்ன. செவப்பு எரியவே இல்லையே. டாக்டரம்மா பாட்டில தொங்கவிடும்போது மஞ்சளாத்தான இருந்துச்சு."

"தெரிஞ்சா ஏம்ல கைய நீட்டுன?"

"நீ மொகத்தக் கழுவிட்டு வந்து நின்ன பாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?" அவன் மடியில் கிடந்த கோப்பைத் தட்டி ஒழுங்காக வைத்தான். "இப்ப அளவு ஆறு. டாக்டரம்மா கணக்குப்படி ஒரு மாசம், ஒன்ற மாசம் நல்லா இருப்பேன். அந்த நாளையும் நோயாளின்னு நிரூபிக்கதுக்கே செலவழிக்கச் சொல்லுதியா? மறுபடியும் போயி ரத்தத்தக் குடுத்து, மூச்சு வாங்கி, நீ மறுபடியும் குழாயடிக்குப் போயி... என்னால முடியாது எக்கா. ஒன்னாலயும் முடியாது."

"முடியும்ல. என்னால முடியும்."

"என்னால பாக்க முடியாது."

அவள் எதிரே நின்றபடியே அழுதாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். சுடலை தடுக்கவில்லை. அவள் அழுது முடித்து முந்தானையால் துடைத்த பிறகு, "தாகமா இருக்கு எக்கா," என்றான்.

அவள் பழக்கத்தில் பையைத் துழாவினாள். இருபது நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், அதற்கென்று தனிக்குப்பி. அவன் தலையசைத்துவிட்டுச் சாலையோரத்தைக் காட்டினான். வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி, நன்னாரி சர்பத். மாவட்டம் பிரிந்து, பட்டை வந்து, பேருந்தெல்லாம் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியும் அந்த வண்டியின் வாளித் தண்ணீர் மட்டும் மாறவில்லை. அதில்தான் தம்ளர்களை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். ஐஸ்கட்டி சாக்குக்குள் கிடந்தது. ஈ இரண்டு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

"இதுவரைக்கும் குடிச்சதே இல்ல," என்றான் சுடலை.

வடிவு நாற்காலியை மரத்தடிக்குத் தள்ளினாள். கடைக்காரர் சுடலையின் மணிக்கட்டைப் பார்த்தார். "அடேயப்பா, என்னமா எரியுது பச்சை! கொடுத்து வச்ச ஒடம்பு தம்பி ஒங்களுக்கு."

"சர்க்காரே சொல்லிட்டாங்க அண்ணாச்சி," என்றான் சுடலை.

கடைக்காரர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். வாளியில் முக்கிய தம்ளரை இரண்டு தடவை உதறினார். வடிவின் கை தானாகவே தடுக்க எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது, பிறகு தம்பியின் தோளில் போய் இறங்கியது.

"ஐஸ் போடவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

சுடலை அக்காவை அண்ணாந்து பார்த்தான்.

"போடுங்க," என்றாள் வடிவு.